26 குழந்தைகள், ஒரு கிளாஸ்ரூம், இன்னொரு மொழி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு கன்ஃபெஷனோட ஆரம்பிக்கிறேன். பிளஸ் டூ-ல நான் எடுத்த லாங்குவேஜ் ஃபிரெஞ்ச். ஏன்னு கேட்டா, சென்னையில படிச்ச யாருக்கும் பதில் தெரியும். மார்க்! 200-க்கு 190-க்கு மேல வாங்கினேன். அடுத்த வருஷம் பாண்டிச்சேரியில ஒரு ஃபிரெஞ்சுக்கார அம்மா என்கிட்ட பீச்சுக்கு வழி கேட்டாங்க. "நேரா போங்க"ன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வரலை. கையை நீட்டிக் காட்டிட்டு வந்துட்டேன்.

படிச்சும் பேச வராத இந்தப் பிரச்சினை 1960-கள்ல கனடாவுல சில அம்மாக்களையும் உறுத்தியது. நம்மை மாதிரி அவங்க சிரிச்சுட்டு விட்டுடலை. ஒரு புது மாதிரி கிளாஸ்ரூமையே உருவாக்கினாங்க. அதுதான் இன்னைக்குக் கதை.

பக்கத்து வீடு, வேற உலகம்

கியூபெக் மாகாணம். மான்ட்ரியலுக்கு எதிரே, செயின்ட் லாரன்ஸ் நதியின் அக்கரையில் செயின்ட் லாம்பர்ட் என்று ஒரு சின்ன ஊர். மாகாணத்தில் பெரும்பான்மை பேசுவது ஃபிரெஞ்ச். ஆனா மான்ட்ரியலின் பெரிய கம்பெனிகளில் முதலாளியின் மொழி இங்கிலீஷ். 1962-ல் கனடாவின் அரசு ரயில்வே நிறுவனத்தில் 17 துணைத் தலைவர்கள் இருந்தாங்க. அதில் ஃபிரெஞ்ச் பேசும் கனடியர் ஒருத்தர்கூட இல்லை. இதை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தாங்க.

ஃபிரெஞ்ச் மக்களின் பொறுமை தீர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1960-ல் தொடங்கிய அந்த மாற்றத்தை 'அமைதிப் புரட்சி' என்பார்கள். ஆனா எல்லாமே அமைதியா நடக்கலை. 1963 மே மாசம், மான்ட்ரியலின் வசதியான இங்கிலீஷ் பகுதியான வெஸ்ட்மவுன்ட்டில் தபால் பெட்டிகளுக்குள் குண்டு வெடித்தது.

இங்கிலீஷ் பேசும் பெற்றோர்களுக்குப் புரிந்தது. இனி இங்கே வாழணும்னா ஃபிரெஞ்ச் வேணும். ஆனா பள்ளியில் வருஷக்கணக்கா ஃபிரெஞ்ச் படிச்ச அவங்களுக்கே, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேச வராது.

"அப்போ ஃபிரெஞ்ச் ஸ்கூல்லயே சேர்த்திருக்கலாமே"ன்னு நீங்க கேட்கலாம். அதுக்கு வழி கிட்டத்தட்ட அடைபட்டிருந்தது. கியூபெக்கில் பள்ளிகள் அப்போ மதப்படி பிரிந்திருந்தன: கத்தோலிக்கம் ஒரு பக்கம், புராட்டஸ்டன்ட் ஒரு பக்கம். ஃபிரெஞ்ச் பள்ளிகள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகள். இங்கிலீஷ் குடும்பங்கள் பல புராட்டஸ்டன்ட். இந்தப் பிரிவு அதிகாரபூர்வமா முடிவுக்கு வந்தது 1998-ல்தான்.

ஐந்து நிமிஷத்தில் ஹவுஸ்ஃபுல்

1963 அக்டோபரில் 12 பெற்றோர்கள் ஒரு வீட்டில் கூடினாங்க. முன்னால் நின்றவங்க மூணு பேர்: ஓல்கா மெலிகாஃப், முரியல் பார்க்ஸ், வேலரி நீல். அவங்க கேட்டது ரொம்ப சிம்பிள். ஃபிரெஞ்ச் ஒரு பாடமா வேண்டாம். வகுப்பே ஃபிரெஞ்சில் நடக்கட்டும்.

பள்ளி நிர்வாகத்துக்கு இதில் ஆர்வமே இல்லை. தாய்மொழி கெட்டுடும், கணக்கு வராது, குழந்தை குழம்பிடும் என்று பயம். அந்தக் காலத்து ஆராய்ச்சிகள் பலவும் ரெண்டு மொழி மூளைக்குச் சுமை என்றுதான் சொல்லின. பெற்றோர்கள் நேரா மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனாங்க. அங்கே மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் இருந்தார். சின்ன வயசு மூளை மொழிகளைச் சுலபமா வாங்கிக்கும் என்று சொல்லிவந்தவர். உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட்டும் இருந்தார். (ஊர் பேருக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லைங்க.) 1962-ல் அவரும் எலிசபெத் பீலும் சேர்ந்து, மான்ட்ரியலின் 10 வயசுக் குழந்தைகளைச் சோதித்திருந்தாங்க. ரெண்டு மொழி நல்லா தெரிந்த குழந்தைகள்தான் அறிவுத்திறன் சோதனைகளில் மேலே இருந்தாங்க.

கடைசியில் நிர்வாகம் 'சோதனை முயற்சி' என்று சொல்லிச் சம்மதித்தது. 1965 வசந்தத்தில் மதியம் 1 மணிக்கு அட்மிஷன். 1:05-க்கு 26 இடமும் ஃபுல்.

உள்ளே என்ன நடந்தது?

1965 செப்டம்பர். ஐந்து வயசுக் குழந்தைகள். டீச்சர் பேசுவது ஃபிரெஞ்ச் மட்டும்தான். ஆனா குழந்தைகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் வருஷம் டீச்சர்கிட்டயும் இங்கிலீஷ்ல பேசலாம். தண்ணி வேணும்னா இங்கிலீஷ்ல கேட்கலாம், பதில் ஃபிரெஞ்சில் வரும். பாட்டு, படம் வரைவது, கதை, விளையாட்டு. டீச்சர் கையையும் முகத்தையும் வைத்தே பாதி பாடம் நடத்தணும். மொழியை யாரும் 'சொல்லித் தரலை'. கத்தரிக்கோலை எடு, கோட்டைக் கழற்று, வரிசையில் நில்லு: இப்படி வேலையோட வேலையா மொழி உள்ளே போனது.

ஒன்றாம் வகுப்பில்தான் எல்லாமே ஃபிரெஞ்ச். எழுத்து, வாசிப்பு, கணக்கு, எல்லாம். இங்கிலீஷ் ஒரு பாடமா உள்ளே வந்தது இரண்டாம் வகுப்பில். அப்புறம் வருஷத்துக்கு வருஷம் இங்கிலீஷின் பங்கு கூடிக்கொண்டே போனது.

லாம்பர்ட் குழு வருஷா வருஷம் வந்து டெஸ்ட் வைத்தது. ஒன்றாம் வகுப்பு முடிவில் இங்கிலீஷ் வாசிப்பில் குழந்தைகள் பின்தங்கினாங்க. சொல்லியே தராத விஷயம்தானே! ஆனா பாடம் ஆரம்பித்த கொஞ்ச காலத்தில் மற்றவங்களைப் பிடிச்சுட்டாங்க. கணக்கிலும் குறை இல்லை. 1972-ல் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் இதையெல்லாம் ஒரு புத்தகமா வெளியிட்டாங்க.

எனக்கு ஏழு வயசு

எல்லாம் வெற்றிதானா? இல்லை. இம்மெர்ஷன் குழந்தைகள் கேட்டும் படிச்சும் நல்லா புரிஞ்சுப்பாங்க. பேச்சிலும் எழுத்திலும்தான் சறுக்கும்.

தமிழ்ல "எனக்கு ஏழு வயசு" என்போம். ஃபிரெஞ்சில் 'என்னிடம் ஏழு வருஷம் இருக்கு' என்கிற மாதிரி, 'ழே செத் ஆன்'. இந்தக் குழந்தைகள் பல பேர் இங்கிலீஷை அப்படியே மாற்றி 'நான் ஏழு வருஷம்' என்று சொல்வாங்க. டீச்சருக்குப் புரியும். கிளாஸ் நண்பனும் அதே தப்பைத்தான் செய்றான், அவனுக்கும் புரியும். அப்போ யார் திருத்துவா?

இன்னொன்று நமக்குச் சட்டென்று புரியும். ஃபிரெஞ்சில் 'த்யூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்க. இவங்க பெரியவங்களையும் 'நீ' போட்டுடுவாங்க. டீச்சர் குழந்தையை 'நீ' என்பார், குழந்தைகள் ஒருத்தரை ஒருத்தர் 'நீ' என்பாங்க. 'நீங்க' காதில் விழுந்ததே குறைவு. கடைக்காரர், பாட்டி, பக்கத்து வீட்டு மாமா, இவங்க யாரும் கிளாஸ்ரூமில் இல்லையே. 1985-ல் மெரில் ஸ்வெயின் இந்தக் குழந்தைகளை வைத்துத்தான் சொன்னார்: கேட்டுப் புரிஞ்சா மட்டும் போதாது, தானே பேசிப் போராடணும்.

யோசித்துப் பாருங்க. இந்தக் கதை ஆரம்பித்ததே பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட பேச. கிளாஸில் மொழி வந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக் குழந்தை மட்டும் வரலை.

அதே நாடு, இன்னொரு கிளாஸ்ரூம்

கதையை இங்கே முடிச்சா அது அரைக் கதை. அதே 1965-ல் கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளும் இன்னொரு மொழியில்தான் படித்தாங்க. வீட்டிலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டவங்க மொத்தம் 1,50,000-க்கும் மேல். தாய்மொழியில் பேசினா அடி விழுந்தது. கடைசிப் பள்ளி மூடியது 1990-களில்.

ரெண்டுமே இன்னொரு மொழிக்குள் குழந்தையை இறக்கிவிடுவதுதான். வித்தியாசம் என்ன? செயின்ட் லாம்பர்ட் குழந்தைக்கு வீட்டில் இங்கிலீஷ், டிவியில் இங்கிலீஷ், ஊர் முழுக்க இங்கிலீஷுக்கு மதிப்பு. அதை யாரும் பறிக்கலை. பெற்றோர் தேர்ந்தெடுத்து அனுப்பின இடம் அது. பூர்வகுடிக் குழந்தையிடம் இருந்ததைப் பிடுங்கிட்டுத்தான் புதுசைக் கொடுத்தாங்க. லாம்பர்ட்டே பிறகு இதற்குப் பேர் வைத்தார்: ஒன்று கூட்டும் இருமொழி, இன்னொன்று கழிக்கும் இருமொழி.

1969-ல் கனடா ரெண்டு மொழியையும் ஆட்சி மொழியாக்கியது. ஃபிரெஞ்ச் தெரிஞ்சா மத்திய அரசு வேலையில் முன்னுரிமை என்றானதும் இம்மெர்ஷன் நாடு முழுக்கப் பரவியது. இப்போ கியூபெக்குக்கு வெளியே மட்டும் 4 லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் இதில் படிக்கிறாங்க. சில ஊர்களில் அட்மிஷனுக்காகப் பெற்றோர்கள் ராத்திரியே வரிசையில் நின்ற கதையும் உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான தனி வரிசையா இது ஆகிடுச்சு என்ற விமர்சனமும் இருக்கு.

நம்ம ஊர்ல "தமிழ்ல பேசினா ஃபைன்" என்று ஒரு போர்டு பார்த்திருப்பீங்க. நானும் ஒரு ரூபாய் கட்டியிருக்கேன். இங்கிலீஷ் வேணும், அதில் சந்தேகமே இல்லை. ஆனா அந்த 26 குழந்தைகள் முதல் வருஷம் தன் மொழியில் தண்ணி கேட்டாங்க, யாரும் ஃபைன் போடலை. அவங்களுக்கும் ஃபிரெஞ்ச் வந்தது.

உங்க ஸ்கூல்ல எப்படி இருந்தது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம். பார்ப்போம்!