வயர்லெஸ் இல்லாத தலைமையகம்: 1940ல் பிரான்ஸ் தோற்ற கதையின் ஒரு பகுதி

1940 மே மாதம் ஜெர்மனி பிரான்ஸைத் தாக்கியபோது பிரெஞ்சுப் படைகளின் தலைமைத் தளபதி மோரிஸ் கமெலின் பாரிஸை ஒட்டியிருந்த வான்சேன் கோட்டையில் இருந்தார். அந்தக் கோட்டையில் வயர்லெஸ் கருவி கிடையாது. டெலிபோன் உண்டு. மற்றபடி மோட்டார் சைக்கிளிலோ காரிலோ ஆள் போய்த்தான் தகவல் சொல்லணும். வடகிழக்குப் போர்முனையைக் கவனித்த ஜெனரல் ஜார்ஜ் இருந்தது வேறு ஊரில். பொதுத் தலைமையகம் இருந்தது இன்னொரு ஊரில்.

இதைப் படிச்சதும் "என்ன முட்டாள்தனம்!" என்றுதான் தோன்றும். ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு வயர்லெஸ் தெரியாமல் இல்லை. ரொம்ப நன்றாகவே தெரியும். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்குது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1914 செப்டம்பர், மார்ன் போர். ஜெர்மன் தளபதி மொல்ட்கே லக்சம்பர்க்கில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய முதல் படையும் இரண்டாம் படையும் பாரிஸை நெருங்கிவிட்டன, ஆனால் நடுவே பெரிய இடைவெளி விழுந்துவிட்டது. முன்னால் என்ன நடக்குதுன்னு மொல்ட்கேவுக்குச் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் ஹென்ட்ஷ் என்ற லெப்டினன்ட் கர்னலைக் காரில் ஏற்றி அனுப்பினார். அவர் ஒவ்வொரு படையாகப் போய்ப் பார்த்தார். பின்வாங்கும் முடிவு அந்தப் பயணத்தில்தான் உறுதியானது.

அதே சமயம் ஜெர்மானியர்கள் அவசரத்தில் வயர்லெஸில் சங்கேதம் இல்லாமலே பேசிய செய்திகளைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒட்டுக்கேட்டார்கள். ஈஃபில் கோபுரத்து நிலையத்துக்கும் அதில் பங்கு உண்டு. 1918 ஜூனில் ஜார்ஜ் பான்வான் என்ற பிரெஞ்சு அதிகாரி ஜெர்மனியின் புதிய ஏடிஎஃப்ஜிவிஎக்ஸ் சங்கேதத்தில் வந்த ஒரு செய்தியை உடைத்தார். அடுத்த தாக்குதல் எந்தப் பக்கம் வரும் என்பதை அது காட்டிக்கொடுத்தது.

ஒரே போர், ஆனால் இரண்டு தரப்பும் எடுத்துக்கொண்ட பாடம் வேறு வேறு. ஜெயித்த பிரான்ஸ், "வயர்லெஸ்ல பேசினா எதிரி கேட்பான்" என்று முடிவுக்கு வந்தது. அதனால் புதைத்த டெலிபோன் கம்பி, எழுத்து மூலமான உத்தரவு, மேலிருந்து கீழே படிப்படியாக நகரும் திட்டமிட்ட போர் என்று போனது. ஜெர்மனியில் ஒருவர் வேறு பாடம் எடுத்தார். 1914ல் குதிரைப்படையோடு ஒரு வயர்லெஸ் நிலையத்தை நடத்திய இளம் அதிகாரி, பெயர் ஹைன்ஸ் குடேரியன். தகவல் வேகமாக வராவிட்டால் வேகமான படை இருந்தும் பிரயோஜனமில்லை என்பது அவருக்கு அனுபவமாகவே தெரியும். பிற்பாடு டாங்கிப் படை உருவானபோது ஒவ்வொரு டாங்கியிலும் வயர்லெஸ் இருக்கணும் என்று பிடிவாதமாக நின்றார். பல டாங்கிகளில் கேட்கும் கருவி மட்டுமே இருந்தது, பேச முடியாது. ஆனால் கேட்க முடிந்ததே பெரிய வித்தியாசம்.

பிரெஞ்சு டாங்கிகள் எண்ணிக்கையில் குறைவில்லை. ஷார் பி1 மாதிரி வண்டிகளின் கவசம் ஜெர்மன் டாங்கிகளைவிடக் கனம். ஆனால் சிறிய வகைகளில் பெரும்பாலானவற்றில் வயர்லெஸே கிடையாது. கொடி அசைத்துத்தான் சைகை.

இதன் விலை என்னன்னு செடானில் தெரிந்தது. மே 13 மாலை குடேரியனின் 19வது கோர், மியூஸ் நதியைக் கடந்தது. அந்தக் கோர் அன்றைக்கு உத்தரவு எழுதிய விதமே சுவாரசியம். நேரம் இல்லை என்பதால், முன்பு பயிற்சிக்காக நடத்திய வரைபடப் போர் விளையாட்டின் உத்தரவுகளை எடுத்து, தேதியையும் நேரத்தையும் மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். நாம டெம்ப்ளேட் எடுத்துத் திருத்தி அனுப்புவோமே, அதேதான்.

எதிரே பிரெஞ்சு 55வது டிவிஷன். "டாங்கி வந்துடுச்சு" என்று ஒரு வதந்தி பரவி, படை கலைந்து ஓடியது. டிவிஷன் தளபதி லஃபோந்தேன் தன் தலைமையகத்தைப் பின்னால் நகர்த்தினார். அதோடு டெலிபோன் தொடர்பும் அறுந்தது. எதிர்த்தாக்குதலுக்கு ஒரு டாங்கி பட்டாலியனும் காலாட்படையும் தயாராகத்தான் இருந்தன. ஆனால் லஃபோந்தேன் கோர் தலைமையகத்துக்கு நேரில் போய் உத்தரவை உறுதி செய்துகொள்ளக் கிளம்பி, ஓடிவருபவர்களால் அடைத்துக்கிடந்த சாலையில் இரவைக் கழித்தார். எதிர்த்தாக்குதல் தொடங்கியது மறுநாள் காலை ஏழு மணிக்குப் பிறகு. ஜெர்மன் டாங்கிகள் பாலத்தைக் கடக்கத் தொடங்கியதும் அந்தக் காலையில்தான். இரவில் போயிருந்தால் எதிரே இருந்தது டாங்கி இல்லாத காலாட்படை!

புரொடக்‌ஷன் சர்வர் விழுந்து கிடக்கும்போது ஒப்புதல் மெயிலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இந்த இரவு எப்படி இருந்திருக்கும்னு புரியும்.

இதோடு நிறுத்தினால் "புதிய தொழில்நுட்பம் ஜெயிச்சது" என்ற எளிய கதை கிடைக்கும். ஆனால் மே 17ல் நடந்ததையும் பார்க்கணும். குடேரியன் ரொம்ப வேகமாகப் போகிறார் என்று பயந்து மேலிடம் அவரை நிற்கச் சொன்னது. அவர் கோபத்தில் பதவி விலகுவதாகச் சொன்னார். கடைசியில் ஒரு சமரசம்: அவர் தலைமையகம் இருந்த இடத்திலேயே இருக்கணும், "வலுவான உளவு நடவடிக்கை" மட்டும் தொடரலாம். குடேரியன் என்ன செய்தார் தெரியுமா? தலைமையகத்தை அங்கேயே விட்டுவிட்டு, தான் முன்னால் போய், இரண்டுக்கும் நடுவே டெலிபோன் கம்பி இழுத்துக்கொண்டார். காரணத்தைத் தன் நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்: வயர்லெஸில் பேசினால் சொந்த மேலிடத்தின் ஒட்டுக்கேட்கும் பிரிவுகளே கேட்டுவிடும்.

வயர்லெஸுக்காக வாதாடிய மனிதர், தேவைப்பட்டபோது கம்பிக்குப் போய்விட்டார். மே 20ல் அவருடைய ஒரு டிவிஷன் ஆங்கிலக் கால்வாய்ப் பக்கம் அபெவில்லை எட்டியது. அதற்கு முந்தைய நாளே கமெலினைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களின் பயமும் பொய்யாகவில்லை. மே 22லிருந்து, ஜெர்மன் விமானப்படையின் முக்கிய எனிக்மா சங்கேதத்தைப் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க் தொடர்ந்து உடைத்துப் படிக்க ஆரம்பித்தது. வேகம் கொடுத்த வயர்லெஸ் அதே மாதத்திலேயே ரகசியத்தைக் கசியவும் விட்டது. பிரான்ஸைக் காப்பாற்ற அது போதவில்லை, ஆனால் போரின் பின்பகுதியில் ஜெர்மனி அதற்குப் பெரிய விலை கொடுத்தது.

ராணுவத் தொடர்பை நவீனமாக்குவது என்றால் புதுக் கருவி வாங்குவது என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். 1940ல் வித்தியாசத்தை உண்டாக்கியது வேறொரு கேள்வி: மேலிருந்து பதில் வராதபோது முன்னால் இருப்பவர் தானாக முடிவெடுக்கலாமா? குடேரியனின் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தது. லஃபோந்தேனை வளர்த்த ராணுவம் அதைக் கற்றுத்தரவில்லை. அன்றிரவு அவர் கையில் ஒரு நல்ல வயர்லெஸ் இருந்திருந்தாலும், அனுமதி கேட்கத்தான் அதைப் பயன்படுத்தியிருப்பார் என்று எனக்குத் தோணுது. அனுமதி ஒருவேளை சீக்கிரம் கிடைத்திருக்கலாம், அவ்வளவுதான்.