தரையில் ஓடிய நீர்மூழ்கி

1953 ஜூன். அமெரிக்காவின் ஐடஹோ பாலைவனம். கடல் அங்கிருந்து பல நூறு மைல் தூரம். ஒரு கட்டடத்துக்குள், பெரிய தண்ணீர்த் தொட்டியில், நீர்மூழ்கிக் கப்பலின் உடலில் ஒரு துண்டு மட்டும் நின்றது. அதற்குள் அணு உலை. ஒரு நாள் முழுச் சக்தியில் ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்பதுதான் பேச்சு. திட்டத்தை நடத்திய ஹைமன் ரிக்கோவர் நிறுத்த விடவில்லை. அட்லாண்டிக் கடலின் வரைபடத்தை வைத்துக்கொண்டு, கப்பல் இந்நேரம் எங்கே போயிருக்கும் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். நான்கு நாளில் கோடு அயர்லாந்தைத் தொட்டது. உலை நின்ற இடத்திலேயே நின்றது.

அதன் அருமை தெரிய, அதற்கு முந்தைய கப்பல்களைப் பார்க்க வேண்டும். 1900இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ‘ஹாலந்து’ தொடங்கி இரண்டாம் உலகப் போர்க்காலக் கப்பல்கள் வரை எல்லாமே மூச்சுப் பிடித்து முங்குபவைதான். மேலே என்ஜின், அடியில் பேட்டரி. பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் ஏற்ற என்ஜினை ஓட்ட வேண்டும். என்ஜினுக்குக் காற்று வேண்டும். பகலெல்லாம் பதுங்கிக் கிடந்துவிட்டு, இருட்டியதும் மேலே வருவார்கள். எதிரியிடம் சிக்குவதும் அந்த நேரத்தில்தான்.

அணு உலைக்குக் காற்று வேண்டாம். 1955 ஜனவரி 17 அன்று ‘நாட்டிலஸ்’ என்ற அமெரிக்க நீர்மூழ்கி அணுசக்தியில் புறப்பட்டது. 1958 ஆகஸ்ட் 3 அன்று பனிப்பாறைக்கு அடியிலேயே போய் வடதுருவத்தைக் கடந்தது. உலகம் கொண்டாடியது அந்தப் பயணத்தை. ஆனால் உண்மையான மைல்கல் ஐடஹோவின் அந்தத் தொட்டிதான். ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல எந்திரங்களை வசதியாகப் பரப்பி வைக்க ரிக்கோவர் சம்மதிக்கவில்லை. கப்பலின் குறுகிய வயிற்றுக்குள் எது எப்படி அடங்குமோ, தரையிலும் அப்படியே அடங்க வேண்டும் என்றார். கடலுக்கடியில் பழுது வந்தால் ஓடிப்போக இடமில்லையே!

அதே வழியில்தான் இந்தியாவும் நடந்தது. நடந்த இடம் தமிழ்நாடு. திருவண்ணாமலையிலிருந்து வந்தவாசி வழியாகக் கிழக்கே போய்க் கடற்கரையை எட்டினால் கல்பாக்கம். அங்கே நீர்மூழ்கிக்கான முன்மாதிரி உலையைத் தரையில் கட்டினார்கள். 2003 நவம்பரில் அதில் அணுப்பிளவுத் தொடர்வினை தொடங்கியது. 2006 செப்டம்பரிலிருந்து முறையாக இயங்கியது. கடலுக்குப் போகவிருந்த மாலுமிகள் அதில்தான் பழகினார்கள். ஊருக்குப் பக்கத்தில் இத்தனை பெரிய வேலை நடப்பது பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் பிரதமர் மன்மோகன் சிங்கின் மனைவி குர்சரண் கவுர் தேங்காய் உடைக்க, ‘அரிஹந்த்’ என்ற அணு நீர்மூழ்கி தண்ணீரில் இறங்கியது. அதற்குப் பிறகுதான் கல்பாக்கத்து உலையைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். அரிஹந்தின் உலை உயிர்பெற்றது 2013 ஆகஸ்டில்.

மாதக்கணக்கில் முங்கிக் கிடக்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து சேதி சொல்வது எப்படி? அதற்கும் தமிழ்நாட்டில்தான் ஏற்பாடு. சாதாரண ரேடியோ அலையைக் கடல்நீர் விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலை மட்டும் சில பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். அந்த அலை மிக நீளமானது. அதை அனுப்ப வானளாவிய கம்பங்கள் வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990இல் தொடங்கிய கடற்படைத் தளத்துக்குக் கட்டபொம்மன் பெயரையே வைத்தார்கள். 2014இல் அங்கே எழுந்த புதிய கம்பங்களின் உயரம் 471 மீட்டர். அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி. அதைப்போல ஏழு கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் கம்பத்தின் உச்சி இன்னும் கொஞ்சம் மேலேதான் இருக்கும்.

அங்கிருந்து போகும் சேதி எழுத்தெழுத்தாக, மெதுவாகப் போகும். அதைப் பிடிக்க நீர்மூழ்கி ஒரு நீண்ட கம்பியைப் பின்னால் மிதக்கவிட்டு இழுத்துச் செல்லும். அதே அலையில் பதில் அனுப்ப அதனால் முடியாது. அத்தனை பெரிய கம்பத்தை எந்தக் கப்பலும் சுமக்காது. வேறு வழியில் பதில் சொன்னால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதனால் அது கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்.