நாடி தொடாத வைத்தியம்

நோயாளியின் கையைப் பற்றி நாடி பார்த்து, நாவை நீட்டச் செய்து, அதன் பின்னரே மருந்து கூறுவது நம் நாட்டு வைத்தியத்தின் நெடுநாளைய வழக்கம். இவ்வழக்கத்துக்கு மாறாக, எங்கோ இருக்கும் மருத்துவர் இங்குள்ள நோயாளிக்கு மருந்து கூறும் முறை நம்மிடையே வேரூன்றிய வரலாறு சிந்திக்கத்தக்கது.

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்றொரு சிற்றூர் உண்டு. 2001-ஆம் ஆண்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அவ்வூர் மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியே சென்னையோடு இணைத்தது. விதை முளைத்தது, ஆயினும் பயிர் செழிக்கவில்லை. நேரில் காணாதவருக்கு மருந்து எழுதினால் சட்டம் ஏற்குமோ என்னும் ஐயம் மருத்துவர் பலரைத் தயங்க வைத்தது.

அத்தயக்கத்தை அகற்றியது பெருந்தொற்றே. 2020 மார்ச் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. அதே நாளில் தொலைமருத்துவ நெறிமுறைகளும் வெளிவந்தன. பதிவுபெற்ற மருத்துவர் நாட்டின் எப்பகுதியிலுள்ளவருக்கும் ஆலோசனை கூறலாம். போதை மருந்துகளை எழுதலாகாது. நேரில் காண்பதே தக்கதெனில் அவ்வாறே சொல்லிவிட வேண்டும் என்று அவை வரையறுத்தன.

மொகாலியிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'இ-சஞ்சீவனி', 2019 நவம்பர் முதலே நலவாழ்வு மையங்களைத் தொலைவிலுள்ள மருத்துவர்களோடு இணைத்து வந்தது. 2020 ஏப்ரல் 13 முதல் அச்சேவை இல்லங்களுக்கே வந்தது. 2023 பிப்ரவரியில் ஆலோசனைகளின் தொகை 10 கோடியை எட்டியது. அவற்றுட் பெரும்பகுதி நலவாழ்வு மையங்களின் வாயிலாகவே நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. அங்கே நோயாளியின் அருகில் ஒரு சுகாதார ஊழியர் இருந்தார். நாடி தொடும் கை மறைந்துவிடவில்லை. வேறொருவரின் கையாக மாறிற்று.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப் பயன் ஒன்றுண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என ஒவ்வொரு நோவுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. வடபுலத்து மருத்துவமனையில் வயதான தாயார் அனைத்தையும் 'தர்த்' என்னும் ஒரே சொல்லில் அடக்க நேரும்போது, நோயின் பாதி மருத்துவரின் செவிக்கு எட்டாமலே போகிறது. தமிழறிந்த மருத்துவர் எம்மாநிலத்தில் இருப்பினும் அவரிடம் தாய்மொழியில் முறையிடலாம் என்பது சிறு பேறன்று.

ஆயினும் அதன் எல்லையையும் உணர வேண்டும். மார்வலியோ மூச்சுத்திணறலோ நேர்ந்தால் தொலைபேசியில் காலம் போக்கலாகாது. மொழி தெரியாவிடினும் அண்மையிலுள்ள மருத்துவமனையை அடைவதே அறிவுடைமை. அவ்வேளையில் உயிரைக் காப்பது அருகிலிருக்கும் கைதான்.