ஏடும் எண்ணும்: தாய்மாரின் எச்.ஐ.வி. சிகிச்சையைக் கண்காணிக்கும் இரு நாடுகள்

எச்.ஐ.வி. உள்ள ஒரு தாய் பிரசவத்துக்குப் பிறகும் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. குறித்த நாளில் மருந்து வாங்க வந்தாரா என்று பார்க்கலாம். அல்லது அவர் இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கலாம். மலாவி முதல் வழியில் பழகிய நாடு, தென்னாப்பிரிக்கா இரண்டாவது வழியில். ஏழை நாட்டுக்கு ஏடு, வசதியுள்ள நாட்டுக்கு இயந்திரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அருகருகே வைத்துப் பார்த்தால் கணக்கு அவ்வளவு நேராக வரவில்லை.

முந்திக்கொண்டது ஏழை நாடுதான். எதிர்ப்பணுக்களை எண்ணும் சி.டி.4 கருவிகள் அப்போது மலாவியில் போதுமான அளவு இருக்கவில்லை. யாருக்கு மருந்து தேவை, யாருக்கு இல்லை என்று சலித்தெடுக்க வழியில்லாததால், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள் எல்லோருக்கும் ஆயுள் முழுவதும் மருந்து என்று 2011இல் முடிவெடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதே திசைக்கு வந்தது. சலிக்கும் கருவி கையிலிருந்த தென்னாப்பிரிக்கா, 2015 ஜனவரியில்தான் அந்தச் சல்லடையைக் கீழே வைத்தது.

இரண்டின் உபகரணங்களையும் சற்று நெருங்கிப் பார்ப்போம். மலாவியில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அட்டைகளையும் பதிவேட்டையும் புரட்டி, சிகிச்சையில் இருப்பவர், இறந்தவர், மருந்தை நிறுத்தியவர், வேறு மையத்துக்கு மாறியவர், வராமல் போனவர் என்று பிரித்து எண்ணுவார்கள். மாத்திரை தீர்ந்திருக்க வேண்டிய நாளுக்குப் பின் இரண்டு மாதம் கடந்தும் ஆளைக் காணோம் என்றால், வராமல் போனவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். குழந்தைக்கும் தனி அட்டை உண்டு. அதில் தாயின் சிகிச்சை எண்ணையும் குறிப்பார்கள். தென்னாப்பிரிக்காவிலோ இரத்தக் குழாய் தேசிய ஆய்வகச் சேவைக்குப் போய் ஓர் எண்ணாகத் திரும்புகிறது. 2019ஆம் ஆண்டு வழிகாட்டியின்படி பிரசவத்தின்போது ஒரு சோதனை, பிறகு பாலூட்டும் காலம் முழுக்க 6 மாதத்துக்கு ஒன்று. மில்லிலிட்டருக்கு 50 வைரஸ் பிரதிகள் என்ற எல்லையைத் தாண்டினால் உடனே விசாரிக்க வேண்டும்.

மலாவியிலும் வைரஸ் அளவுச் சோதனை இல்லாமலில்லை. ஆனால் தொடக்க கால அட்டவணைப்படி 6ஆம் மாதம் ஒன்று, அதன்பின் இரண்டு ஆண்டுக்கு ஒன்று. அங்கே தாய்மார் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவது வழக்கம். அந்தக் காலம் பெரும்பாலும் இரு சோதனைகளுக்கு நடுவிலேயே கழிந்துவிடும். தொலைதூர மையங்களிலிருந்து இரத்தத்தைத் தாளில் உலர்த்தி அனுப்பியதால், ஆயிரத்துக்குக் கீழான எண்களை நம்பிப் பிடிப்பதும் கடினம்.

ஆகவே ஏட்டுக்கு ஒரு குருடு, எண்ணுக்கு இன்னொரு குருடு. வாங்கிப்போன மாத்திரை வயிற்றுக்குள் போனதா, பெட்டிக்குள் கிடக்கிறதா என்பது பதிவேட்டுக்குத் தெரியாது. இரத்தம் கொடுக்க வராத பெண்ணைப் பற்றி ஆய்வகத்துக்கு ஒன்றுமே தெரியாது. வைரஸ் ஏறியவரை அது காட்டிக்கொடுக்கும். காணாமல் போனவரைக் காட்டாது.

இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் கவர்ந்தது, இரண்டும் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யத் தொடங்கிய இடம். மலாவியின் 540 மையங்களில் மருந்தைத் தொடங்கிய 21,939 பெண்களின் கணக்கை 2014இல் வெளியான ஓர் ஆய்வு கூட்டிப் பார்த்தது. ஆறு மாதத்தில் 17 விழுக்காட்டினர் தொடர்பில் இல்லை. சில மையங்களில் ஒருவர்கூட விடுபடவில்லை. ஒரு மையத்தில் 58 விழுக்காடு. கணினிப் பதிவு இருந்த பெரிய மையங்களில் இன்னொன்றும் வெளிப்பட்டது: நோய் முற்றியோ எதிர்ப்பணு குறைந்தோ மருந்துக்கு வந்த பெண்களோடு ஒப்பிட்டால், கர்ப்பத்தில் தொடங்கியவர்கள் முதல் நாளுக்குப் பிறகு திரும்பியே வராமல் போகும் வாய்ப்பு ஐந்து மடங்கு. நோய் தெரிந்த அன்றே கையில் மாத்திரையைக் கொடுத்த இடங்களில் இழப்பு அதிகம். மருந்து இருப்பைத் திட்டமிட வைத்திருந்த பதிவு, மருந்து எங்கே தோற்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. வழக்கமாக இது ஆய்வகத்திடம் எதிர்பார்க்கும் வேலை.

தென்னாப்பிரிக்காவில் இதன் மறுபக்கம். ஜோகன்னஸ்பர்க் மருத்துவமனைகள் தொலைந்தவர் என்று எழுதிவைத்த தாய்மாரைத் தேசிய ஆய்வகத் தரவில் தேடியபோது, அவர்களில் சிலர் வேறு ஊரில் இரத்தம் கொடுத்திருந்தது தெரிந்தது. பிரசவத்தை ஒட்டிச் சொந்த ஊருக்குப் போனவர்களும் இதில் உண்டு. பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் உள்ள நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைரஸை எண்ண உருவான வலைப்பின்னல், நாடு தழுவிய வருகைப் பதிவேடாகவும் பயன்பட்டது.

இரு நாடுகளும் கண்ட விரிசலும் ஒன்றுதான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில், கர்ப்ப காலத்தில் போதுமான ஒழுங்கோடு மருந்து எடுத்தவர்கள் 75.7 விழுக்காடு, பிரசவத்துக்குப் பிறகு 53 விழுக்காடு. வயிற்றில் பிள்ளை இருக்கும்வரை இருக்கும் கவனம், பிள்ளை கைக்கு வந்ததும் பிள்ளைமேலேயே போய்விடுகிறது.

அந்த இறக்கத்தைத் தடுக்க எது உதவும் என்பதற்கு, கேப் டவுனின் குகுலேத்து பகுதியில் 471 தாய்மாரிடம் நடந்த சோதனை நல்ல சான்று. ஒரு சாராரைப் பிரசவம் முடிந்ததும் பொதுவான எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்கு அனுப்பினார்கள். நடைமுறையில் இருந்த ஏற்பாடு அதுவே. மறு சாராருக்குப் பால் நிறுத்தும்வரை தாய்சேய் மையத்திலேயே மருந்து. ஓராண்டு முடிவில் சிகிச்சையில் நீடித்து வைரஸும் 50க்குக் கீழ் இருந்தவர்கள் முதல் பிரிவில் 56 விழுக்காடு, இரண்டாவதில் 77 விழுக்காடு. வித்தியாசம் எந்த வாசல் வழியே மருந்து வாங்கினார்கள் என்பதில்தான். அதிகச் சோதனைகளால் வந்த பலன் அல்ல இது என்பதை ஆய்வகப் பக்கம் சாய்பவர்கள் கவனிக்க வேண்டும். ஏட்டின் பக்கம் சாய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எண் இல்லாமல் இந்த உண்மையே தெரிந்திருக்காது.

இன்னொரு உறவு, நான் எதிர்பாராதது. மலாவியின் காலாண்டுக் கணக்கு காசநோய்த் திட்டத்தின் பதிவேட்டு முறையிலிருந்து வந்தது. மையத்திலேயே வைரஸ் அளவைச் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரமும் காசநோய் வழியாகப் பரவியதே. நம்மூர் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று பெயர் பெற்றிருப்பதும் அதுதான். ஏடும் எண்ணும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தாய் காத்திருக்கும்போதே முடிவு கிடைத்தால், மாத்திரை விட்டுப்போனதைப் பற்றி அன்றைக்கே பேசலாம் என்பது பெரிய லாபம்.

ஆனால் அன்று வராதவர் வீட்டுக்கு யார் போவது? இதற்கு இரு நாடுகளும் தேடிய விடை ஒன்றே. 2001இல் கேப் டவுனில் தொடங்கிய 'மதர்ஸ்2மதர்ஸ்' அமைப்பு, எச்.ஐ.வி.யோடு வாழும் தாய்மாருக்கே பயிற்சியும் ஊதியமும் கொடுத்து மற்றத் தாய்மாருக்குத் துணையாக அனுப்புகிறது. மலாவியிலும் அது இயங்குகிறது.