ப்ரொஜெக்டர் வாங்காத தாத்தா

தாத்தாவோட பீரோவை ஒழிக்கும்போது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைச்சுது. உள்ளே நாலு மஞ்சள் அட்டைப்பெட்டி, கூடவே கைக்குள்ள அடங்குற ஒரு பிளாஸ்டிக் சாமான். "அதெல்லாம் உங்க தாத்தா அமெரிக்காவுல எடுத்த ஸ்லைடுடா. மத்தவங்க செவுத்துல சினிமா மாதிரி காட்டுவாங்களாம். இவருக்கு அந்த மெஷினை வாங்க மனசு வரலை. கஞ்சம்!"னு பாட்டி சிரிச்சாங்க. 1968-ல மேல்படிப்புக்குப் போய், சாப்பாட்டுச் செலவுல மிச்சம் பிடிச்சு ஊருக்குப் பணம் அனுப்பின மனுஷன். வேற என்ன செய்வார்?

ஸ்லைடுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: சின்ன வயசுல வியூமாஸ்டர் பார்த்திருப்பீங்கல்ல? வட்டத்தட்டுல 14 குட்டிப் படம், ரெண்டு ரெண்டா சேர்ந்து ஏழு காட்சி. 1939-லயே வந்த சமாச்சாரம் அது. அதே மாதிரி ஒளி ஊடுருவுற கலர் படத்தை, ரெண்டு அங்குலச் சதுர அட்டைச் சட்டத்துல மாட்டினா அதுதான் ஸ்லைடு. பிரிண்ட் போடவே வேண்டாம். கேமராவுக்குள்ள இருந்த அதே ஃபிலிம்தான் நம்ம கையில இருக்கு.

இதைப் பரப்பினது கோடக் கம்பெனியோட கோடாக்ரோம். 1935-ல சினிமா ஃபிலிமா வந்து, 1936-ல 35 மி.மீ. கேமராவுக்கும் வந்துச்சு. கண்டுபிடிச்ச மான்னஸ், கோடோவ்ஸ்கி ரெண்டு பேருமே சங்கீதக்காரங்க. ஒருத்தர் பியானோ, இன்னொருத்தர் வயலின். இருட்டறையில கடிகாரம் பார்க்க முடியாதுன்னு, பிராம்ஸ் இசையை சீட்டியடிச்சே நேரத்தைக் கணக்கு பண்ணாங்கன்னு ஒரு கதை உண்டு :-) இந்த ஃபிலிம்ல கலரே கிடையாது. கழுவும்போதுதான் சாயம் ஒவ்வொண்ணா ஏத்தணும். வீட்டுல கழுவுற வேலையே இல்லை. பெரிய லேபுக்கு அனுப்பினா, மஞ்சள் பெட்டியில திரும்பி வரும். தாத்தாவோட அட்டைகள்ல கழுவின மாசமும் வருஷமும்கூட அச்சாகியிருக்கு.

1961-ல கோடக் 'கரௌசல்' ப்ரொஜெக்டர் வந்துச்சு. மேலே ஒரு வட்டத்தட்டு, அதுல 80 ஸ்லைடு. பட்டனை அமுக்கினா தட்டு ஒரு படி சுத்தும், ஸ்லைடு தன் எடையிலேயே உள்ளே விழும். அமெரிக்க வீடுகள்ல சாப்பாடு முடிஞ்சதும் விளக்கை அணைச்சுட்டுக் குடும்பமே உக்காந்து பார்த்தது இப்படித்தான். 2004-ல கோடக் ப்ரொஜெக்டர் தயாரிக்கிறதையே நிறுத்திடுச்சு. 2009-ல கோடாக்ரோமும் போச்சு. கடைசியா அதைக் கழுவினது கன்சாஸ் மாநிலம் பார்சன்ஸ்ல இருந்த டுவேன்ஸ் ஃபோட்டோ. 2010 டிசம்பர் 30-ஓட அவங்களும் கழுவ ஃபிலிம் வாங்குறதை நிறுத்திட்டாங்க.

காசில்லாதவனுக்கு இருந்தது தாத்தா வச்சிருந்த இந்தக் கை வியூவர்தான். ரெண்டு பென்சில் செல், ஒரு குட்டி பல்பு, வெளிச்சத்தைப் பரப்ப பால் வெள்ளை பிளாஸ்டிக், முன்னாடி ஒரு லென்ஸ். ஸ்லைடைச் செருகி அமுக்கினா பல்பு எரியும். அவ்ளோதான். தாத்தா செல்லைக் கழட்டி வச்சிருந்ததால இன்னும் வேலை செய்யுது!

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். 55 வருஷம் கழிச்சும் மூணு பெட்டியில கலர் அப்படியே இருக்கு. (நாலாவது வேற ஃபிலிம், மொத்தமா செவந்து போச்சு.) ஏன்னு தேடிப் படிச்சேன். இருட்டுல வச்சா கோடாக்ரோம் மாதிரி தாங்குற கலர் ஃபிலிம் அந்தக் காலத்துல கிடையாது. ஆனா ப்ரொஜெக்டர் வெளிச்சத்துல அது மத்த ஃபிலிமைவிட சீக்கிரம் வெளிறிடும். அதாவது, ஆசை ஆசையா அடிக்கடி போட்டுப் பார்த்தவங்க படம்தான் வெளிறியிருக்கும். கஞ்சத்தனம் பண்ணின எங்க தாத்தாவோட படம் தப்பிச்சுடுச்சு.

இதைக் கெடுக்கப் பார்த்தது நான்தான். 'பத்திரமா' வைக்கணும்னு கடையில பிளாஸ்டிக் உறை வாங்கி எல்லாத்தையும் போட்டேன். புது ரெக்சின் மாதிரி வாசனை வந்தப்பவே உஷாராகியிருக்கணும். அது பி.வி.சி. அதை மெதுவாக்கச் சேர்க்குற ரசாயனம் கசிஞ்சு படத்துல ஒட்டிக்கும். ஒரு மழைக்காலம் முடிஞ்சு பார்த்தா, சில ஸ்லைடு மேல எண்ணெய்ப் பசை. அதுல ஒண்ணு, பனியில வேட்டி கட்டிக்கிட்டு தாத்தா நிக்குற படம். அவர் இளவயசுக் கலர் படம் எங்ககிட்ட அது ஒண்ணுதான். கறை முகத்துக்கு மயிரிழை தள்ளி நின்னுருந்துச்சு. வயித்தைக் கலக்கிடுச்சு.

பட்டுத் தெரிஞ்சுகிட்டது, உங்களுக்கும் உதவலாம்: உறைன்னா பாலிப்ராப்பிலீன் மட்டும் வாங்குங்க, ஒரு பக்கத்துக்கு 20 ஸ்லைடு பிடிக்கும். பரண் வேண்டவே வேண்டாம், சூடு ஆகாது. பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் போடுங்க. பார்க்கிறதுக்கு மொபைல்ல வெள்ளைத் திரை வச்சு, ஸ்லைடைக் கொஞ்சம் உயரத்துல பிடிச்சா போதும். ஒட்டி வச்சா திரைப் புள்ளிகள் தெரியும். முக்கியமா, முதல்ல ஸ்கேன் பண்ணிடுங்க.

ஸ்கேன் பண்ணினதைப் பெரிய டிவியில போட்டேன். வீடே கூடிப் பார்த்துச்சு. பாட்டி மட்டும் அந்த வியூவரைக் குடுன்னு வாங்கி, வேட்டிப் படத்தைச் செருகி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு அமுக்கினாங்க.

"ரொம்ப நேரம் அமுக்காதே, செல் தீந்துடும்பார்"னு சொன்னாங்க. ஆனா கையை எடுக்கலை.