புட்டிக்குள் முளைத்த பெரணி

மலைச்சாரலில், ஓடைக்கரைப் பாறை இடுக்கில் செழித்து நிற்கும் பெரணியைப் பெயர்த்து வந்து வீட்டுக் கூடத்தில் தொட்டியில் வைத்துப் பாருங்கள். நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினாலும் விரைவிலேயே இலை நுனிகள் கருகத் தொடங்கும். வேரில் ஈரம் இருந்தும் செடி ஏன் வாடுகிறது? இதற்கு விடை காண உதவியது ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு!

கிழக்கு லண்டனில் நதானியேல் பாக்ஷா வார்டு என்ற மருத்துவர் வாழ்ந்துவந்தார். பெரணி வளர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கி, அவற்றின்மேல் நீர் சொட்டும்படி செய்து பெரணிகளை நட்டார். சுற்றியிருந்த ஆலைகளின் நிலக்கரிப் புகையில் அவை மடிந்தன. 1829-இல் அவர், கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் புதைத்து, அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடினார். பூச்சி வெளிவருவதைக் காண்பதே அவரது நோக்கம். ஆனால் சில நாட்களில் மண்ணின் மேல் ஒரு புல்லும் ஒரு பெரணியும் தலைகாட்டின.

பெரணி எப்படி வந்தது? பெரணி பூப்பதில்லை, காய்ப்பதில்லை. அதன் இலையடியில் உள்ள பழுப்புப் புள்ளிகளிலிருந்து நுண்ணிய சிதல்கள் தூளாகப் பறக்கின்றன. அத்தூளிலிருந்து பெரணி முளைப்பதை, ஜமைக்காவில் பணிபுரிந்த ஜான் லிண்ட்சே என்ற அறுவை மருத்துவர் 1794-லேயே வெளியிட்டிருந்தார். வார்டின் மண்ணிலும் சிதல் கலந்திருந்தது. (அப்புள்ளிகளை நோய் என்றெண்ணிச் சுரண்டிவிடுவோர் இன்றும் உண்டு!)

ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல் அச்செடிகள் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. பகலில் மண்ணும் இலையும் விட்ட நீராவி கண்ணாடியில் துளிகளாகப் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்கியது. பெரணிக்குத் தேவை ஈரமான காற்று என்பது இதனால் விளங்கிற்று. பல பெரணிகளின் மெல்லிய இலைகள், வறண்ட காற்றில் வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக நீரை இழந்துவிடுகின்றன. வார்டு வெளியூர் சென்றிருந்தபோது புட்டியின் மூடி துருப்பிடித்து, மழைநீர் மிகுதியாக உள்ளே புகுந்து, அச்செடிகள் அழுகிப்போயின.

1833-இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பெரணிகளையும் புற்களையும் வைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். அவற்றில் பெரும்பாலானவை உயிருடன் போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் ஏறக்குறைய எட்டு மாதப் பயணத்தில், உறைபனியையும் நிலநடுக்கோட்டு வெயிலையும் கடந்து லண்டன் வந்தன. முன்பு இருபது செடிகளில் பத்தொன்பது வழியிலேயே சாகும், இப்போது பத்தொன்பது பிழைக்கின்றன என்று லாடிஜஸ் என்ற நாற்றுப்பண்ணைக்காரர் கணக்குச் சொன்னார். 1861-இல் உதகமண்டலத்துக்குச் சிங்கோனா வந்ததும், 1876-இல் இலங்கைக்கு 1,919 ரப்பர் நாற்றுகள் வந்ததும் ‘வார்டு பெட்டி’களில்தான். அவற்றால் எழுந்த தோட்டங்களும், அவற்றில் உழைத்த கூலி மக்களின் வாழ்வும் தனிக் கதை.

இங்கிலாந்தில் 1845-இல் கண்ணாடி வரி நீங்கியதும் வரவேற்பறைகளில் பெரணிப் பெட்டிகள் பெருகின. மோகம் முற்றிக் காடுகளில் வேரோடு பிடுங்கலாயினர். கில்லார்னிப் பெரணி என்ற அரிய வகை பல இடங்களில் அற்றே போயிற்று. செடிமீது கொண்ட ஆசையே அதற்கு எமனாயிற்று!

பெட்டியின்றியே அறையில் வாழக்கூடிய வகை ஒன்று அமெரிக்காவில் கிடைத்தது. 1894-இல் பிலடெல்பியாவிலிருந்து பாஸ்டன் வட்டாரத்திற்குச் சென்ற வாட்பெரணிக் கூட்டத்தில் ஒன்று மட்டும் வளைந்து தொங்கும் இலைகளோடு வேறாகத் தெரிந்தது. அதுவே ‘பாஸ்டன் பெரணி’. அதன் தாய் இனம் புளோரிடா, மேற்கிந்தியத் தீவுகள் முதலிய வெப்ப நாடுகளுக்கு உரியது. மற்றப் பெரணிகளைவிட இது வறண்ட காற்றை ஓரளவு தாங்கும்.

இதை வளர்க்க விரும்புவோர் நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள சன்னலோரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இலைமட்கு கலந்த மண்ணும் அடியில் துளையுள்ள தொட்டியும் வேண்டும். மண்ணின் மேற்பரப்பு காயத் தொடங்கியதும் நீர் ஊற்றினால் போதும். எப்போதும் சேறாக இருந்தால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. கோடையில் கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் விட்டு, தொட்டியின் அடி நீரைத் தொடாதவாறு கற்களின்மேல் வைத்தால் செடியைச் சுற்றிக் காற்று சற்று ஈரமாகும். இச்செடியைப் பெருக்கச் சிதலைத் தேடவேண்டியதில்லை. மண்ணின்மேல் நூல்போல் ஓடும் தண்டுகளில் தோன்றும் கன்றுகளை, வேர்விட்டபின் வெட்டி வேறு தொட்டியில் நட்டுக்கொள்ளலாம்.