இயங்குதளங்களின் பிறப்புச் சூழலும் நச்சுநிரல் பரவலும்

லினக்ஸ், மேக் ஆகிய இயங்குதளங்களில் விண்டோஸைவிட நச்சுநிரல்கள் குறைவு என்பது பரவலான கருத்து. இதற்கு இரு விளக்கங்கள் வழக்கில் உள்ளன. யுனிக்ஸ் மரபின் கட்டமைப்பே காரணம் என்பது ஒன்று. பயனர் குறைவாதலால் நச்சுநிரல் எழுதுவோர் அவற்றை நாடுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றுச் சான்றுகளுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. ஓர் இயங்குதளம் எத்தகைய பயனரைக் கருதிப் பிறந்தது, அதனால் அமைந்த பழக்கம் எவ்வளவு காலம் நீடித்தது என்பனவற்றையும் நோக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1960களில் கணினி விலைமிக்க பொதுச்சொத்து. ஓர் எந்திரத்தைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை அக்காலத்தில் வளர்ந்தது. அவ்வகையில் தொடங்கிய மல்டிக்ஸ் திட்டத்திலிருந்து 1969இல் பெல் ஆய்வகம் விலகியபின், அங்குப் பணியாற்றிய கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் யுனிக்ஸை உருவாக்கினர். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளரும், படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் அனுமதிகளும் வகுக்கப்பட்டன. கணினி நச்சுநிரல் என்னும் பெயரே வழக்கிற்கு வராத காலம் அது. இவ்வேலி பகைவருக்கு எதிராக எழுந்தது என்பதைவிடப் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பிழைக்கு எதிராக எழுந்தது என்பதே பொருந்தும்.

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினியின் நிலை வேறு. அதன் 8088 செயலியில் இயங்குதளத்தின் நினைவகத்தைப் பிற நிரல்களிடமிருந்து காக்கும் அமைப்பே இல்லை. டாஸ் விரும்பியிருந்தாலும் அத்தகைய வேலியை வன்பொருள் தாங்கியிராது. எந்திரம் ஒருவருக்கே உரியது. அவரிடமிருந்தே அதைக் காப்பானேன் என்ற எண்ணம் அன்று இயல்பானதே. ஆயினும் எந்திரம் மேசையில் இருக்க, நெகிழ்வட்டு கைமாறியது. 1986இல் லாகூரில் உருவான பிரெய்ன் நெகிழ்வட்டின் தொடக்கப் பகுதியில் தங்கி நாடுகள் கடந்து பரவியது.

பயனர் எண்ணிக்கை வாதத்தை மறுக்கும் சான்று ஆப்பிள் நிறுவனத்திடமே உள்ளது. ஐபிஎம் வகைக் கணினிகளைவிடப் பயனர் குறைந்த பழைய மெக்கின்டாஷில் 1987இல் என்விர், 1989இல் டபிள்யூடெஃப் என நச்சுநிரல்கள் தோன்றின. அதுவும் தனிப்பயனர் எந்திரமே; நினைவகக் காப்பும் அதில் இல்லை.

இனி, கட்டமைப்பு வாதமும் ஐயத்திற்கு உரியதே. பிரெட் கோகன் 1983இல் தம் முதல் நச்சுநிரல் சோதனைகளை நடத்தியது யுனிக்ஸ் இயங்கிய வாக்ஸ் கணினியில்தான். ஐந்து சோதனைகளிலும் ஒரு மணி நேரத்திற்குள் முழு அதிகாரமும் கைவந்தது. எந்த வேலியும் உடைக்கப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. தொற்றிய நிரலை இயக்கியவரின் அனுமதியே நச்சுநிரலின் அனுமதியாயிற்று; அதிக உரிமையுள்ள ஒருவர் இயக்கியபோது அது மேலேறியது. 1988 நவம்பரில் மாரிஸ் புழு தாக்கியதும் பிஎஸ்டி யுனிக்ஸ் கணினிகளையே.

விண்டோஸின் வரலாறு இதன் மறுபக்கம். 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி, பயனர் கணக்குகளும் கோப்பு அனுமதிகளும் உடையது. கட்டமைப்பில் யுனிக்ஸுக்குக் குறைந்ததன்று. ஆனால் அவ்வழியில் 2001இல் வந்த எக்ஸ்பியை நிறுவுகையில் உருவாகும் கணக்குகள் நிருவாகி உரிமையுடனேயே அமைந்தன. எங்கும் எழுதலாம் என எண்ணிப் பழகிய பழைய நிரல்கள் குறைந்த உரிமையில் தடுமாறியது இதற்கு ஒரு காரணம். நிருவாகிக் கணக்கிலும் நிரல்களைக் குறைந்த உரிமையில் இயக்கி, தேவைப்படும்போது மட்டும் இசைவு கேட்கும் முறை 2007இல் பொதுப் பயனரை அடைந்த விஸ்டாவில்தான் வந்தது. டாஸ் பயனரின் பழக்கம், டாஸ் மறைந்த பின்னும் வாழ்ந்தது எனலாம்.

2016இல் மிராய் என்னும் தீநிரல் கைப்பற்றியவை லினக்ஸில் இயங்கிய இணையக் கேமராக்களும் வழிச்செலுத்திகளும் ஆகும். ஆலையில் இடப்பட்டு மாற்றப்படாதிருந்த கடவுச்சொற்களைக் கொண்டே அது உள்ளே நுழைந்தது.